வேதாரண்யம் பக்கம் "பெரிய புயல்" என்றால் எந்தப் புயல்? அப்பா பிறந்த தேதி தெரிய வேண்டும்

மறைக்காட்டான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் வேதாரண்யத்தை ஒட்டிய தேத்தாகுடி பக்கம். படிப்பு, வேலை எல்லாம் வெளியூர் என்பதால் ஊர்க்கதை எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1-6-1953 என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் பாதி ஊருக்கு ஜூன் ஒன்றுதான் பிறந்தநாள், வாத்தியார் போட்ட கணக்கு. உண்மையான தேதி யாருக்கும் தெரியாது, ஜாதகக் குறிப்பு புயலில் போய்விட்டது என்று பாட்டி சொல்வார். பாட்டி இப்போது இல்லை. ஆனால் அவர் பேசியதைச் செல்போனில் பதிந்து வைத்திருந்தேன், போன வாரம் அதைத் திரும்பக் கேட்டபோதுதான் இந்த யோசனை வந்தது. அவர் சொன்னது ஏறக்குறைய இது:

"உங்கப்பன் பெரிய புயலுக்குப் பதினோரு நாள் பிள்ளை. வியாழக்கிழமை பொறந்தான். ஆண் மூலம் அரசாளும்னு ஒங்க பாட்டன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. அன்னிக்கி ராத்திரி வாடையா அடிச்சிச்சு, அப்பறம் கச்சானுக்குத் திரும்பி ஒரே அடியாக் கூரையத் தூக்கிட்டுப் போயிருச்சு. பிள்ளைய நெல் அளக்குற கூடையில போட்டு மேல முறத்தக் கவுத்து வச்சிருந்தேன். கார்த்திகைக்கு வெளக்கு வைக்கத் திண்ணை இல்ல, சொக்கப்பனைக்குப் பனை வெட்டுற வேலையே இல்ல, எல்லாம் விழுந்து கெடந்துச்சு."

இணையத்தில் தேடினால் நாகை மாவட்டத்துக்கு இத்தனை புயலா என்று தலை சுற்றுகிறது. இதில் "பெரிய புயல்" எது? அப்படியே நம் ஊரில் யாருக்கு எந்தப் புயல் நினைவிருக்கிறதோ அதையும் எழுதுங்கள். அப்பாவுக்குப் படித்துக் காட்டுவேன், அவருக்கு இப்போதெல்லாம் இதுதான் பொழுதுபோக்கு.

---

அளத்துக்காரன் எழுதியது:

தம்பி, நம் பக்கம் பெரிய புயல் என்றால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒன்று. என் அப்பாவுக்கு 1952 புயல், எனக்கு 1977 புயல், என் பேரனுக்கு 2018-இல் வந்த கஜா. அவனிடம் போய் 77-ஐச் சொன்னால், கஜாவைவிடப் பெரிசா தாத்தா என்று கேட்கிறான். இதற்கு என்ன பதில் சொல்வது?

உங்கள் பாட்டி சொல்வது 52 புயலாகத்தான் இருக்க வேண்டும். 1952 நவம்பர் 30, நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரையேறியது, ஏறக்குறைய 400 பேர் செத்தார்கள். எனக்கு நேரடியாகத் தெரியாது, அப்பா சொல்லித்தான் தெரியும். நான் வளர்ந்த வீட்டில் யாருடைய வயதைக் கேட்டாலும் "புயலுக்கு முந்தி", "புயலுக்குப் பிந்தி" என்றுதான் பதில் வரும். நிலத் தகராறு பஞ்சாயத்தில்கூட இந்த வரப்பு புயலுக்கு முந்தியதா பிந்தியதா என்று பேசிக் கேட்டிருக்கிறேன்.

77 நான் பார்த்தது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்போது எனக்கு இருபது வயது, அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வேலை. தீபாவளி முடிந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, வீட்டில் முறுக்கு மிச்சம் இருந்தது. ரேடியோவில் சொன்னார்கள்தான், ஆனால் அந்த ரேடியோ இருந்தது தெருவுக்கு ஒன்று. அதிலும் "வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு" என்றால் மழை வரும் என்று நினைத்துக்கொண்டு படுத்துவிடுவோம், ஐப்பசியில் அது வராமல் வேறு எப்போது வரும். நவம்பர் 12 விடியும் முன்னால் கரையேறியது. முதலில் வடக்கிலிருந்து, அப்புறம் மேற்கிலிருந்து. சத்தத்தைச் சொல்லத் தெரியவில்லை. ஓட்டுவீட்டில் ஓடு ஒவ்வொன்றாகக் கழன்று, சீட்டு விளையாடுகிறவன் சீட்டைப் போடுகிற மாதிரி ஒரே சீராக விழுந்தது, அது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

விடிந்து பார்த்தால் மாடு எல்லாம் போச்சு. 560 பேர் செத்ததாகவும் 10 லட்சம் பேர் வீடிழந்ததாகவும் பிற்பாடு கணக்கு வந்தது, மாடு கன்று இருபதாயிரத்துக்கு மேல். தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை வரைக்கும் உள்ளே போய் அடித்த புயல் அது. எங்களுக்குக் கிடைத்த பேப்பரில் ஒரு வாரம் எங்கள் ஊர் வந்தது, அதற்குள் நவம்பர் 19-இல் ஆந்திராவில் திவிசீமைப் புயல் வந்து பத்தாயிரத்துக்கும் மேலே ஜனங்களைக் கொண்டுபோய்விட்டது, எங்கள் கதை அதோடு மூடிப்போனது. அவர்கள் துயரம் பெரிது, அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் 77 என்றால் வெளியூர்க்காரர்கள் எல்லோருக்கும் ஆந்திராதான் நினைவுக்கு வரும். நாங்கள் அதற்கு ஏழு நாள் முன்னால் போனவர்கள்.

---

மாந்தோப்பு82 எழுதியது:

52 என்று எப்படி உடனே சொல்லிவிட்டீர்கள் ஐயா? 55-லும் ஒரு புயல் இருக்கிறதே. அதுவும் கார்த்திகை மாதம்தான், இராஜாமடம், அதிராம்பட்டினம் பக்கம் ஊருக்குள் கடல் ஏறியது, அதிலும் ஏறக்குறைய 500 பேர் இறந்தார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் அம்மா வீட்டில் "பெரிய புயல்" என்றால் அதுதான். சான்றிதழில் 53 என்று இருப்பதால் 52 என்று நினைக்க வேண்டியதில்லை, வயதைக் கூட்டிப் போட்டுப் பள்ளியில் சேர்த்த பிள்ளைகளும் உண்டு.

---

மறைக்காட்டான் எழுதியது:

இதுதான் எனக்கும் குழப்பம். இரண்டுமே நவம்பர் கடைசி, இரண்டுமே கார்த்திகை. பாட்டி வருஷப் பெயர் சொல்லியிருந்தால் பிரச்சினை இல்லை, நந்தனமா மன்மதமா என்று தெரிந்துவிடும். சொல்லவில்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை.

---

காற்றுமானி எழுதியது:

பாட்டி வருஷத்தைச் சொல்லவில்லை என்றாலும் அதைவிட உபயோகமான ஒன்றைச் சொல்லியிருக்கிறார். காற்று எந்தப் பக்கம் திரும்பியது என்பதை.

நம் பக்கத்துப் புயல்கள் கிழக்கேயிருந்து மேற்கே போகும். காற்று புயல் மையத்தை இடஞ்சுழியாகச் சுற்றும், அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக. புயல் நமக்கு வடக்கே, நாகை வேளாங்கண்ணிப் பக்கம் கடந்தால் நமக்கு முதலில் வாடை, அப்புறம் கச்சான், கடைசியில் சோழகம். நமக்குத் தெற்கே பாக் நீரிணை வழியாகக் கடந்தால் முதலில் வாடைதான், ஆனால் பிறகு கொண்டலுக்குத் திரும்பும், கிழக்கிலிருந்து கடல் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு வரும். (வெளியூர் நண்பர்களுக்கு: வாடை வடக்கு, கொண்டல் கிழக்கு, சோழகம் தெற்கு, கச்சான் மேற்கு. கடலுக்குப் போகிறவர்கள் இன்னும் நுணுக்கமாகப் பிரிப்பார்கள்.)

பாட்டி "கச்சானுக்குத் திரும்பி" என்கிறார். புயல் வடக்கே கடந்திருக்கிறது. 52 புயல் நாகையை ஒட்டி, நமக்கு வடக்கே. 55 புயல் இராஜாமடம் பக்கம், நமக்குத் தெற்கே. அதுவாக இருந்திருந்தால் கொண்டல் என்றுதான் சொல்லியிருப்பார். கடல் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை வந்திருக்கும், அவர் காற்றை மட்டும்தான் சொல்கிறார்.

நம் அளத்துக்காரர் ஐயா 77-க்குச் சொன்னதும் இதே வடக்கு, மேற்கு வரிசைதான், கவனித்தீர்களா? அதுவும் நாகைக்குச் சற்றுத் தெற்கே, வேளாங்கண்ணிப் பக்கம் கரையேறியது.

நாகைத் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டு எண்ணும் இதே கணக்குதான், ஆனால் டிவியில் எண்ணைச் சொல்லிவிட்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். எண் கூடக்கூட ஆபத்து கூடுகிறது என்று மட்டும்தான் நம் மக்கள் நினைக்கிறார்கள். 8 என்றால் தீவிரப் புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்கும், 9 என்றால் வலப்பக்கம் விட்டு, 10 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ. மேற்கே பார்த்து வருகிற புயலுக்கு இடப்பக்கம் என்றால் தெற்கு. ஆக நாகையில் 8 ஏற்றினால் புயல் காரைக்கால் பக்கம் போகிறது, 9 ஏற்றினால் நம்மை நோக்கி வருகிறது. வேதாரண்யத்துக்காரன் பத்தைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன்னால் ஒன்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டும். 11 என்பது புயலின் வேகம் இல்லை, எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

---

மாந்தோப்பு82 எழுதியது:

கூண்டு விஷயம் எனக்கு இத்தனை வயதில் இப்போதுதான் தெரிகிறது. சரி, காற்றுக் கணக்கில் தோற்றேன்.

கஜாவைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் அது நேராக எங்கள் தலைமேல் வந்தது. 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கடக்கும் என்றார்கள், எங்கள் வீட்டுக் கொல்லைக்கு நடுவே கடந்தது. முதலில் வடக்கிலிருந்து இரண்டு மணி நேரம். மா பாதி விழுந்தது, தென்னை வளைந்து வளைந்து நின்றது. அப்புறம் திடீரென்று காற்று நின்றது. அப்படியே நின்றது. மழைகூட இல்லை. தவளை கத்துகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் டார்ச் எடுத்துக்கொண்டு வெளியே வந்து "போயிருச்சுடா" என்றார். என் மாமியார் 77 பார்த்தவர், அவர்தான் கத்தினார், உள்ளே வாங்கடா, இன்னும் பாதி இருக்கு என்று. புயலின் கண் அது. கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து திருப்பி அடித்தது பாருங்கள், வடக்குக் காற்றுக்கு ஈடுகொடுத்து வேர் தளர்ந்து நின்ற மரமெல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. தோப்பில் ஒரு மரம் வடக்கே தலைவைத்துக் கிடக்கிறது, அடுத்த மரம் தெற்கே.

கஜா என்ற பெயரை இலங்கை கொடுத்தது, யானை என்று அர்த்தம். தோப்பைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அதிராம்பட்டினத்தில் மணிக்கு 165 கிலோமீட்டர் வரை பதிவானது. மாநிலம் முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பம் போனது. திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்பார்கள். விளக்கழகு ஊரில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. வெளி மாநில ஊழியர்கள்கூட வந்து வயல் சேற்றில் கம்பம் தூக்கினார்கள், அவர்களுக்கு எங்கள் வீட்டில் சோறு போட்டோம், பாஷை தெரியாமல் ரசத்தைக் காப்பி என்று நினைத்துக் குடித்த பையன் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். 77-இல் 560 பேர், கஜாவில் அறுபதை ஒட்டி. காற்று ஒன்றும் இளப்பம் இல்லை. முன்கூட்டியே 80,000 பேர் வரை முகாம்களுக்குக் கொண்டுபோனதுதான் வித்தியாசம். அதை மறுக்கவே முடியாது. ஆனால் உயிரோடு முகாமிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் பிழைக்க வழி இல்லை. நெட்டைத் தென்னை காய்க்க ஆறு ஏழு வருஷம் ஆகும். கஜாவுக்குப் பிறகு வைத்த கன்றில் இப்போதுதான் நான் ஒழுங்காகக் காய் பறிக்கிறேன். மா அதற்கும் மேல். நிவாரணத்தில் மரக்கணக்கு எடுக்க வந்தவர்கள் விழுந்த மரத்தை எண்ணினார்கள், நின்றபடியே குருத்து திருகிச் செத்த மரத்தை எண்ணவில்லை, இதை யாரிடம் சொல்லி என்ன.

---

சவுக்குத்தோப்பு எழுதியது:

எல்லோரும் காற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் கடலோரத்தில் பெரிசு என்றால் காற்றே இல்லாமல் வந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சுமத்ராவில் நம் நேரப்படி காலை ஆறரைக்கு நிலம் ஆடியது, ஒன்பது மணியை ஒட்டி இங்கே தண்ணீர் வந்துவிட்டது. நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது, சொல்ல ஆள் இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007-இல்தான். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி என்று பேப்பரில் வந்த பெயர்கள் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் பக்கம் நாலுவேதபதி என்று ஓர் ஊர் இருக்கிறது, பெயரைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். 2002-இல் கின்னஸ் சாதனைக்காக ஒரே நாளில் 80,244 மரக்கன்று நட்ட ஊர். நட்டபோது சிரித்தவர்களில் நானும் ஒருவன், கலெக்டர் வந்து போட்டோ எடுத்துப் போனால் ஆடு மேய்ந்துவிடும் என்று. இரண்டு வருஷத்தில் சவுக்கு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. அலை அதில் மோதி, வேகம் செத்து, வெறும் தண்ணீராக உள்ளே வந்தது. அந்த ஊர் பெரிதாக அடிபடவில்லை.

ஆனால் இதையே எல்லாக் கூட்டத்திலும் சொல்லிச் சொல்லி, மரம் இருந்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். கஜா வந்தபோது அதே சவுக்கு, தென்னை, முந்திரி எல்லாம்தான் முறிந்து வழியெல்லாம் கிடந்தது. முத்துப்பேட்டை அலையாத்திக் காடே சின்னாபின்னமானது. சுனாமிக்குப் பிறகு பதினாலு வருஷம் நாங்கள் கடலைப் பார்த்தே பயந்துகொண்டிருந்தோம், கடல் உள்வாங்குகிறதா என்று குழந்தைகூடப் போய்ப் பார்க்கும். கஜாவில் பின்பக்கமாக வந்தது.

அப்புறம் அந்தச் சேறு. புஷ்பவனம், ஆறுகாட்டுத்துறை பக்கம் கஜா கடலடியிலிருந்து கருஞ்சேற்றை வாரிக் கரையில் கொட்டியது. முழங்கால் ஆழம், சில இடத்தில் அதற்கும் மேல். படகு, வலை, வாசல் எல்லாம் அதற்குள். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், மழை பெய்தால் மறுபடி கூழ். சுனாமிகூட இதைச் செய்யவில்லை.

கோடியக்கரைச் சரணாலயத்தில் மானும் காட்டுக்குதிரையும் அடித்துக்கொண்டு போய்க் காரைக்கால் கரை வரை ஒதுங்கின. அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. நமக்காவது முகாம் இருந்தது. அந்தக் காட்டை ஒட்டிக் கடற்கரையில் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று ஒரு செங்கல் கட்டுமானம் பாதியாக நின்றது, பள்ளியில் சுற்றுலா போய்ப் பார்த்திருக்கிறேன். எத்தனையோ நூற்றாண்டுப் புயலுக்கு நின்றது, சுனாமியோடு போய்விட்டது.

---

மட்டுநகரான் எழுதியது:

வணக்கம், நான் மட்டக்களப்பு. நாங்கள் புயல் என்று சொல்வது குறைவு, சூறாவளி என்றுதான் சொல்வோம். உங்கள் இழையை வாசித்தபோது எங்கள் ஊரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள் போல இருந்தது. எங்கள் வீட்டிலும் "சூறாவளிக்கு முதல்", "சூறாவளிக்குப் பிறகு" என்றுதான் கணக்கு. எங்களுக்கு 1978 நவம்பர் 23 இரவு. ஏறக்குறைய ஆயிரம் பேர், தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி ஒரே இரவில் அழிந்தது. அதே சூறாவளிதான் கடலைக் கடந்து அடுத்த நாள் உங்கள் இராமநாதபுரக் கரைக்கு வந்தது.

64-உம் அப்படித்தானே. முதலில் வவுனியா, பிறகு தனுஷ்கோடி. உங்களுக்கு வருவதில் சில எங்கள் மீது ஏறி வருகின்றன, அதில் எங்களுக்கு எந்தச் சந்தோசமும் இல்லை.

---

அளத்துக்காரன் எழுதியது:

மட்டுநகர் தம்பி சொல்வது சரிதான். 64 டிசம்பரில் எங்கள் பக்கம் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. தனுஷ்கோடியில் ரயிலோடு ஊரே போய்விட்டது என்ற சேதிதான் வந்தது. கோடியக்கரையில் நின்று தெற்கே பார்த்துக்கொண்டு பேசிய பெரியவர்கள், அது நமக்கு வர வேண்டியது, இலங்கை குறுக்கே கிடந்ததால் திரும்பிவிட்டது என்றார்கள். அறிவியல்படி சரியா தவறா தெரியாது, அப்படிப் பேசினார்கள்.

இன்னொன்றும் யாரும் எழுதவில்லை. புயல்தான் பேப்பரில் வரும், எங்கள் அளத்துக்கு அதைவிடக் கெடுதல் பேர் இல்லாத மழை. தூத்துக்குடிக்கு அடுத்தபடி உப்பு விளைகிற ஊர் இது. தை மாதம் பாத்தியைச் சேறு வழித்து, மிதித்துக் கெட்டிப்படுத்தி, தண்ணீர் விட்டு, மாசி பங்குனியில் உப்பு வாரலாம் என்று உட்கார்ந்திருக்கும்போது ஒரு நாள் கோடை மழை. நாலு சென்டிமீட்டர் போதும். பாத்தியில் இருந்ததெல்லாம் கரைந்து, மறுபடி முதலிலிருந்து. இதற்கு நிவாரணம் கிடையாது, பெயர் கிடையாது, எந்தக் கிழவியும் இதை வைத்துப் பிள்ளை வயதைச் சொல்ல மாட்டாள். 2008 நிஷா புயல் நினைவிருக்கிறதா? காற்று ஒன்றும் இல்லை, காரைக்கால் பக்கம் சாதுவாகக் கரையேறியது, ஆனால் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர். எங்கள் அளங்கள் குளமாக நின்றன.

---

மறைக்காட்டான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அப்பா ஒவ்வொரு பதிலையும் இரண்டு தரம் படிக்கச் சொன்னார். கூடைக்குள் இருந்த காலத்தைப் பற்றி அவருக்கு எதுவும் நினைவில்லை என்று கண்டிப்பாகச் சொல்கிறார், அதையும் எழுதச் சொன்னார்.

ஒரு கேள்வி கூடுதலாக. அப்பாவுக்கு ஊரில் சின்னதாக ஒரு வீடு கட்டும் யோசனை. இத்தனையும் படித்த பிறகு எந்த இடத்தில் கட்டுவது என்றே தெரியவில்லை.

---

சவுக்குத்தோப்பு எழுதியது:

இடத்துக்கு நம் முன்னோர் வழிதான். கருப்பம்புலம், ஆயக்காரன்புலம் என்று "புலம்" வருகிற ஊர்களை ஒரு நடை போய்ப் பாருங்கள். அதெல்லாம் பழைய கடற்கரை மணல்மேடு, கடல் படிப்படியாகப் பின்வாங்கியபோது விட்டுப்போனது. வீடும் கோயிலும் மேட்டில், வயல் பள்ளத்தில், அப்படித்தான் கட்டினார்கள். இப்போது மனை போடுகிறவர்கள் பள்ளத்தை மண் அடித்துத் தூர்த்து விற்கிறார்கள், கோடையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஐப்பசியில் வந்து பாருங்கள். மேட்டில் கிணறு போட்டால் நல்ல தண்ணீரும் கிடைக்கும், மழைத் தண்ணீர் மணலுக்குள் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. ஆழ்குழாய் என்று அளவுக்கு மீறி இறக்கினால் உப்புதான் வரும்.

கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம். கஜாவில் அது கத்தி மாதிரி பறந்தது. வீட்டை ஒட்டித் தென்னை வைக்காதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

---

மாந்தோப்பு82 எழுதியது:

மாவும்தான். ஆனால் அதை என்னால் மனதார எழுத முடியவில்லை.

---

காற்றுமானி எழுதியது:

வீட்டுக்கு நடுவே தேதியை விட்டுவிட்டோம். நேற்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

52 நவம்பர் 30 ஞாயிற்றுக்கிழமை. அன்றைய நாளையும் சேர்த்துப் பதினோரு நாள் பின்னால் எண்ணினால் நவம்பர் 20, அது வியாழக்கிழமை. பாட்டி சொன்ன கிழமை. அதற்கு முந்தைய அமாவாசை 17-ஆம் தேதி வாக்கில். ஐப்பசி கார்த்திகைச் சந்திப்பில் வருகிற அமாவாசைக்கு மூன்றாம் நாள் சந்திரன் மூலத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆண் மூலமும் சரியாக வருகிறது.

55-க்குப் போட்டுப் பார்த்தேன். டிசம்பர் 1 என்று வைத்தால் பதினோரு நாள் முன்னால் திங்கட்கிழமை, நவம்பர் 30 என்று வைத்தால் ஞாயிறு. எப்படிப் பார்த்தாலும் வியாழன் வரவில்லை, சந்திரனும் மூலத்தைத் தாண்டித் திருவோணம் பக்கம் போய்விடுகிறது. அப்புறம் 55-இல் பௌர்ணமி நவம்பர் 29, விளக்கு வைத்து முடித்த பிறகுதான் புயல். 52-இல் பௌர்ணமி டிசம்பர் முதல் இரண்டு நாளில், புயல் அடித்த கையோடு கார்த்திகை. திண்ணை இல்லாமல் போனதற்கு அதுதான் பொருந்துகிறது.

நந்தன வருஷம் கார்த்திகை மாதம், 20-11-1952. ஊரில் யாரிடமாவது அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் இருந்தால் நட்சத்திரத்தை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஆனால் எழுபது வருஷம் கழித்துக் கிழமை, நட்சத்திரம், காற்றுத் திசை மூன்றையும் பிசகாமல் சொன்ன உங்கள் பாட்டியைத்தான் வானிலை நிலையத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும்.

---

அளத்துக்காரன் எழுதியது:

கச்சான் என்று சொன்னதுமே நான் முடிவு பண்ணிவிட்டேன். இருந்தாலும் கணக்குப் போட்டவருக்கு நன்றி.

---

மறைக்காட்டான் எழுதியது:

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தேத்தாகுடியில் ஒரு பழைய சோதிடர் வீட்டில் பஞ்சாங்கக் கட்டு இருக்கிறதாம், பொங்கலுக்குப் போகும்போது பார்க்கிறோம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். நான் ஏதோ பாட்டியை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். "அப்படீன்னா நான் ஆறு மாசம் முன்னாடியே ரிட்டயர் ஆகியிருக்கணும்டா. அந்தச் சம்பளத்தைத் திருப்பிக் கேப்பானா?" என்றார். இதை எங்கேயும் எழுதாதே என்றும் சொன்னார்.